தலைத்தடி

இயேசு மரி சூசை துணை

குருநகர்,
18.09.2023

அன்புள்ள தங்கச்சி றெஜினாவுக்கு,

அக்கா மக்டலின் எழுதுவது. இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. அங்கே மலைக்குளிரில் உன் நெஞ்சுச்சளி எப்படி இருக்கிறது? கம்பளிச் சட்டையைப் போடு. அடைத்த மடம் என்பதற்காக யன்னலையும் அடைத்துக்கொண்டு இருக்காதே. உனக்கு முன்னர் இந்தக் கடிதத்தை வாசிக்கும் மதருக்கும் என் தோத்திரம். போன் தொடக்கூடாத மடத்தில் நீ இருப்பதால்தான் நானும் இந்தக் காலத்தில் பேனையும் கையுமாக இருக்கிறேன்.

உன்னிடம் ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்க வேண்டும். கோபத்தோடு எழுதுகிறேன், எழுத்துக் கோணினால் பொறுத்துக்கொள்.

எங்கள் பாடு உனக்கு மறந்திருக்காது. கோட்டைக்கு நேரே, பரவைக்கடலில், இடுப்பளவு தண்ணீரில் சிறகுவலை போடுகிற இடம். இரண்டு பக்கமும் சிறகுபோலத் தடி நட்டு வலை கட்டிவிட்டால் இறால் தானாக வந்து நடுக்கூட்டில் விழும். ஐயா வைத்திருந்த பாடு. எனக்குச் சீதனமாகத் தந்தார். பதிவு மட்டும் உன் அத்தான் பெயரில் இருக்கிறது.

இப்போது ஒரு கொம்பனி அந்தப் பக்கம் கடலட்டைப் பண்ணை போடுகிறது. கம்பி வலையால் வேலி அடைத்து, தண்ணீருக்குள் காவல் கொட்டிலும் கட்டிவிட்டார்கள். வேலி வருகிற வழியில் எங்கள் பாடு கிடக்கிறது. விடமாட்டேன் என்று கடற்றொழில் கந்தோருக்கு எழுதினேன். நான் தமிழில் எழுத, பதில் இங்கிலீசில் வந்தது. போன் கடையில் காட்டினேன். உங்கள் கோரிக்கையை ஏற்க முடியாதாம் அன்ரி என்றார்கள்.

ஏற்க முடியாது என்பதற்கு ‘நோ’ என்ற சின்னச் சொல் போதும், அது எனக்கே தெரியும். இவன் வேறொரு நீளமான சொல்லைத் தேடிப் பிடித்துப் போட்டிருக்கிறான். எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதுகிறேன்: ரீ, ஈ, என், ஏ, பீ, எல், ஈ. அதற்கு முன்னால் ஒரு ‘நொட்’.

இந்தச் சொல் எந்த ஊரில் பிறந்தது, யார் யாரைப் பார்த்துச் சொன்னது, எல்லாம் எனக்குத் தெரிய வேண்டும். ஒருவன் எனக்கு அடித்தால், எந்தக் கட்டையால் அடித்தான் என்றாவது நான் பார்க்க வேண்டாமா?

வேறு விசேடம் இல்லை. எல்லோரும் இருக்கிறார்கள்.

அன்பு அக்கா,
மக்டலின்


மலைநாட்டு மடம்,
02.10.2023

கிறிஸ்துவுக்குள் அன்பான அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. சளி குறைந்துவிட்டது. யன்னல் திறந்துதான் இருக்கிறது. இரண்டு குரங்குகள் வந்துபோகின்றன. மதர் உங்கள் தோத்திரத்தைப் பெற்றுக்கொண்டு சிரித்தார்.

அந்தச் சொல்லை ‘ரெனபிள்’ (tenable) என்று உச்சரிப்பார்கள். எங்கள் நூலகத்தில் தடித்த பழைய அகராதி ஒன்று இருக்கிறது. கதவு அடிக்காமலிருக்க அதைத்தான் அண்டை கொடுத்திருந்தார்கள். தூசி தட்டி எடுத்துப் பார்த்தேன்.

வேர் லத்தீன். ‘தெனேரே’ என்றால் கையால் பிடித்தல், பிடித்ததை விடாமல் வைத்திருத்தல். பிரெஞ்சுக்காரரிடம் போய் அது ‘தெனிர்’ ஆனது. அவர்களிடமிருந்து நானூறு வருடங்களுக்கு முன்பே இங்கிலீசுக்கு வந்துவிட்டது. ‘பிடித்து வைத்திருக்கக் கூடியது’ என்று அர்த்தம். கோட்டைகளைப் பற்றிப் பேசத்தான் அதை அதிகம் எடுத்தார்கள். எதிரி சுற்றி வளைத்துவிட்டான். உள்ளே இருக்கிற ஆட்களைக் கொண்டு இந்த இடத்தை விடாமல் வைத்திருக்கலாமா? வைத்திருக்கலாம் என்றால் ரெனபிள். இல்லையென்றால் நொட் ரெனபிள். கோட்டைக்குச் சொன்னதைப் பேச்சுக்கும் சொன்னார்கள். எத்தனை கேள்வி கேட்டுத் தாக்கினாலும் விழாமல் நிற்கிற வாதம் ரெனபிள்.

நான் பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டபோது வந்த உதவிப்பணக் கடிதத்திலும் இதே சொல் இருந்தது. மூன்று வருடத்துக்கு ரெனபிள், அதாவது மூன்று வருடம் கையில் வைத்திருக்கலாம். நீங்கள் அந்தக் கடிதத்தைத் தெருவெல்லாம் கொண்டுபோய்க் காட்டினீர்கள். ஆகவே சொல்லில் பகை இல்லை அக்கா, அதை எடுத்து வீசியவரிடம்தான் இருக்கிறது.

அத்தான் எப்படி? அவருடைய முழங்கால் நோ குறைந்ததா? ‘எல்லோரும் இருக்கிறார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். மகள் லவீனா கலியாணம் முடித்து மன்னாருக்குப் போனபிறகு, உங்கள் வீட்டில் எல்லோரும் என்றால் இரண்டே பேர்தான்.

மன்றாட்டுகளுடன்,
றெஜினா


குருநகர்,
16.10.2023

அன்புள்ள தங்கச்சிக்கு,

ஆண்டவருடைய கிருபையால் நான் நலம். குரங்குகளுக்குப் பாண் துண்டு கொடுத்துப் பழக்காதே, பிறகு பூசைக்கும் வந்து நிற்கும்.

உன் கடிதத்தைப் பக்கத்து வீட்டு நிரோஜினிக்கு வாசித்துக் காட்டினேன். புருசன் கடலோடு போனபிறகு இறால் உரித்துப் பிழைக்கிறாளே, அவள்தான். கோட்டைக் கதை என்று தெரிந்ததும் எனக்குப் பாதிக் கோபம் இறங்கியது. மற்றப் பாதி ஏறிவிட்டது.

கோட்டையைப் பற்றி எங்களுக்கா சொல்ல வேண்டும்? வலை தூக்கி நிமிர்ந்தால் கண்ணில் படுவது அதுதான். பறங்கி கட்டினான், ஒல்லாந்தன் பிடித்துப் பெருப்பித்தான். அவ்வளவு மதிலையும் அகழியையும் வைத்துக்கொண்டு, வெள்ளைக்காரன் வந்தபோது சண்டை போடாமலே கொடுத்துவிட்டுப் போனான் என்று நீதான் எனக்குச் சொன்னாய். பிடித்து வைத்திருக்க ஆளில்லை என்றால் கல்லுக்கு என்ன தெரியும்? எங்கள் பாட்டில் மதில் இல்லை, கண்டல் தடிதான் இருக்கிறது. ஆனால் நான் நிற்கிறேன்.

இப்போது என் கேள்விக்குப் பதில் சொல். வைத்திருக்கலாமா, முடியாதா என்று சொல்ல வேண்டியது யார்? உள்ளே நிற்கிறவனா, வெளியே நின்று வளைக்கிறவனா? வெளியே நிற்கிறவன் ‘உன்னால் ஏலாது, வெளியே வா’ என்று சொன்னால் அது அர்த்தமா, அவனுடைய ஆசையா?

நானே வள்ளத்தில் போய் வலை தூக்குகிறேன். நிரோஜினி கம்பு ஊன்றுகிறாள். மற்ற வள்ளங்கள் வெளிக்கடலுக்குப் போனபிறகு, விடிகிற நேரத்தில் போய் வெயில் ஏறமுன் வந்துவிடுவோம். நம் கோயில்பற்றில் பெண்பிள்ளை வலைத்தடியைத் தொட்டதில்லை என்று மீன்பிடிச் சங்கத் தலைவர் நீக்கிலாப்பிள்ளையண்ணை சொல்லித் திரிகிறாராம். தலை கிள்ளுகிற கை யாருடையது என்று இறாலிடம் கேட்கச் சொல்லி அனுப்பினேன்.

மழை இன்னும் வரவில்லை.

அன்பு அக்கா,
மக்டலின்


மலைநாட்டு மடம்,
30.10.2023

கிறிஸ்துவுக்குள் அன்பான அக்காவுக்கு,

நலம். நீங்களும் நலமாயிருக்க ஒவ்வொரு செபவேளையிலும் நினைக்கிறேன். குளிரில் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறீர்கள் என்பதை இப்போது சேர்த்து நினைக்கிறேன்.

உங்கள் கேள்விக்கு அகராதி பதில் சொல்லாது. என் எண்ணத்தைக் கேட்டால், அது உள்ளே நிற்பவர் சொல்ல வேண்டிய சொல். வெளியே நிற்பவர் அதைச் சொன்னால் நீங்கள் எழுதியதுபோல ஆசைதான்.

ஆனால் வெளியே நிற்பவர் ஒருபோதும் சும்மா சொல்வதில்லை அக்கா. உள்ளேயிருந்து ஏதோ ஒரு செய்தி கிடைத்திருக்கும். கந்தோர் அந்தச் சொல்லைப் போட்டால், அதன்கீழே காரணமும் போட்டிருக்கும். ஒரு சொல்லை எழுத்தெழுத்தாக எழுதிய நீங்கள், அந்தக் காரணத்தை எழுதவில்லை.

உங்களிடம் இரண்டு கேள்விகள். என்ன காரணம்? வலையை ஏன் நீங்கள் தூக்குகிறீர்கள்? ஒன்றின் பதில்தான் மற்றதுக்கும் என்று எனக்குப் படுகிறது.

டிசம்பர் மூன்றாம் திகதி திருவருகைக்காலம் தொடங்குகிறது. அதன்பிறகு நத்தார் வரை கடிதம் எழுதவோ வாசிக்கவோ எங்களுக்கு அனுமதி இல்லை. அதற்கு முன் எழுதுங்கள்.

மன்றாட்டுகளுடன்,
றெஜினா


குருநகர்,
15.11.2023

தங்கச்சி,

சுகம் விசாரிக்க இன்று எனக்குப் பொறுமை இல்லை. நீ சுகமாயிரு.

காரணம் போட்டிருக்கிறான். பதிவுக்காரர் சம்மதித்து ஒப்பம் வைத்திருக்கிறார், அந்த வீட்டார் பாட்டைக் கைவிட்டுவிட்டார்கள் என்று இருக்கிறதாம். ஒப்பம் வைத்தவர் உன் அத்தான் கிறகோரி. கொம்பனியின் காவல் கொட்டிலில் இருக்கிறவரும் உன் அத்தான் கிறகோரி.

உனக்கு எழுத வெட்கமாக இருந்தது. ஊருக்கே தெரிந்ததை உனக்கு மட்டும் மறைத்தேன். அந்த மடத்துச் சுவருக்குள்ளாவது என் வீடு முழுதாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

முழங்கால் அவருக்குப் பொல்லாத நோதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஒருநாள் சட்டையும் மாற்றாமல் வந்து கதிரையில் இருந்து சொன்னார்:

“எனக்கு ஏலாது மக்டலின். கடல் முடிஞ்சுது. நாங்களும் முடிஞ்சம்.”

“நீங்கள் முடிஞ்சிருக்கலாம். என்னைக் கேட்டனீங்களோ?” என்றேன்.

அவர் கேட்கவில்லை. அதற்கு முதல்நாளே ஒப்பம் வைத்துவிட்டார். அன்றிலிருந்து எங்களுக்குள் கதை இல்லை. அவர் கொட்டிலில் படுக்கிறார். பகலில் வந்து, மூடி வைத்த சோற்றைச் சாப்பிட்டு, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போகிறார். விடிய என் வள்ளம் அந்தக் கொட்டிலைத் தாண்டித்தான் போக வேண்டும். நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

நம் கடல் வழக்கம் உனக்குத் தெரியும். ஒரு முழுநிலாப் பறுவத்திலிருந்து அடுத்த பறுவம் வரை வலை தூக்காமல் விட்டால் பாடு போய்விட்டது. பிறகு யாரும் வந்து தடி நடலாம். கொம்பனி அதைத்தான் பிடித்துக்கொண்டது. அவர் ஆடிப் பறுவத்தோடு விட்டார். ஆவணிப் பறுவம் வருமுன் நான் இறங்கிவிட்டேன். நான் தூக்கியது கணக்கில் வராது என்கிறார் நீக்கிலாப்பிள்ளையண்ணை. பாட்டை வைத்திருக்கிறது ஆம்பிளையாம். ஐயா எனக்குத் தந்த சீதனம் அது. பாடு என்னோடு வந்தது, அதற்குப் பின்னால்தான் அவர் வந்தார்.

வழக்கத்தைச் சொல்கிறவர்களுக்கு நான் தண்ணீரில் நிற்பது தெரியவில்லை. தெரிந்தவருக்கு வாய் இல்லை. நான் விடமாட்டேன் றெஜினா. என்னைத் தூக்கித்தான் அந்தத் தடியைப் பிடுங்க வேண்டும்.

மக்டலின்


மலைநாட்டு மடம்,
01.12.2023

அன்பான அக்காவுக்கு,

நாளை மறுநாள் எங்கள் வாய் அடைபடும், ஆகவே சுருக்கமாக எழுதுகிறேன்.

அவர்களுடைய முழு வாதமும் ‘கைவிட்டுவிட்டார்கள்’ என்ற ஒரே காலில் நிற்கிறது. கந்தோருக்கு ஒரே ஒரு விசயம் எழுதுங்கள்: ஒரு விடியலில் வந்து பாருங்கள். அழவும் வேண்டாம், ஏசவும் வேண்டாம். முக்கியமாக, ஏச வேண்டாம். தமிழில் பதில் தரும்படி கீழே கேளுங்கள். அது சலுகை இல்லை, உங்கள் உரிமை.

அத்தானைப் பற்றி நான் ஒன்றும் எழுதமாட்டேன். அவருக்காகவும் மன்றாடுவேன், அதற்கு நீங்கள் கோபித்தாலும்.

பதில் வராத நாட்களிலும் எழுதுங்கள். நத்தார் அன்று எல்லாவற்றையும் சேர்த்து வாசிப்பேன்.

றெஜினா


குருநகர்,
19.12.2023

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ இதை வாசிக்க நத்தார் ஆகிவிடும். முன்கூட்டியே நத்தார் வாழ்த்து. கேக் அனுப்பினால் மதர் பங்குபோட்டு உனக்கு நுனி விரலளவு தருவா என்று அனுப்பவில்லை.

கந்தோருக்கு எழுதினேன், ஏசவில்லை. நீ நம்பமாட்டாய் என்று நிரோஜினியைச் சாட்சியாக வைத்து எழுதினேன்.

கிழமைக் கணக்காக மழை. வாடைக்காற்று கோயில் கூரையில் ஓடு பெயர்த்தது. இரண்டு நாள் வள்ளம் தள்ள முடியவில்லை. மூன்றாம் நாள், பாடு முழுவதும் படுத்திருக்கும் என்ற பயத்தோடு போனேன். சிறகுத் தடிகள் கொஞ்சம் சாய்ந்திருந்தன. தலைத்தடி நேராக நின்றது. அதுதான் முதலில் நடுகிற தடி; அதில்தான் மற்ற எல்லாம் கட்டியிருக்கும்; அது விழுந்தால் பாடே விழுந்தது.

கிட்டப்போய்ப் பார்த்தேன். அது விழாமல் நிற்கவில்லை, விழுந்ததை யாரோ எழுப்பிப் புதுக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். முடிச்சு இடப்பக்கமாகத் திரும்பியிருந்தது. நம் கரையில் இடக்கையால் முடிச்சுப் போடுகிறவர் ஒரு ஆள்தான்.

நிரோஜினி கொட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். நான் பார்க்கவில்லை. இறாலைக் கூடையில் கொட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று மத்தியானம் சோற்றோடு ஒரு முட்டைப் பொரியலும் மூடி வைத்தேன். அதற்கு நீ அர்த்தம் எடுக்காதே. முட்டை மிஞ்சியிருந்தது.

அன்பு அக்கா,
மக்டலின்


மலைநாட்டு மடம்,
28.12.2023

அன்பான அக்காவுக்கு,

பிறந்த பாலன் உங்கள் இருவரையும் ஆசீர்வதிப்பாராக. இருவரையும் என்று நினைத்துத்தான் எழுதினேன்.

நத்தார் பூசை முடிந்து உங்கள் கடிதத்தை வாசித்தேன். முட்டைப் பொரியல் வந்த இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. மதர் பயந்துபோனார்.

அகராதியைத் திரும்பக் கதவுக்கு அண்டை கொடுக்குமுன் ஒன்று பார்த்தேன். அந்த லத்தீன் சொல் கோட்டைக்கென்று பிறந்ததல்ல. நடக்கப் பழகும் பிள்ளையின் கையைப் பிடிப்பதற்கும், விழப்போகிறவரைத் தாங்கிப் பிடிப்பதற்கும் அதே சொல்தான். நாங்கள் பாடும் பழைய பாட்டுகளில் அப்படித்தான் வருகிறது. போர்க்காரர் அதைப் பிறகு எடுத்துக்கொண்டார்கள்.

கந்தோர் என்ன சொன்னது?

றெஜினா


குருநகர்,
29.01.2024

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலம். தோள்மூட்டு மட்டும் கொஞ்சம் கத்துகிறது. எண்ணெய் போட்டு வாயை அடைத்திருக்கிறேன்.

கந்தோர் வருகிறது. இந்தமுறை தமிழில் எழுதியிருக்கிறார்கள். பெப்ரவரி பதினெட்டுக்குப் பிறகு ஒரு நாள் விடிய, கொம்பனி மனேச்சரோடும் சங்கத் தலைவரோடும் வந்து பார்ப்பார்களாம். பாட்டை அந்த வீட்டார் விடாமல் பாவித்து வந்ததற்குச் சாட்சி வேண்டுமாம். இல்லையென்றால் முந்திய முடிவே முடிவு. தடியைப் பிடுங்கிவிட்டு வேலி வரும்.

நிரோஜினி என் வள்ளத்து ஆள், அவள் சொல் எடுபடாது என்கிறார்கள். நாங்கள் போகிற நேரம் கடலில் வேறு யாரும் இல்லை. ஒவ்வொரு விடியலும் எங்களைப் பார்த்தவர் ஒருவர்தான். அவர் கொம்பனிச் சம்பளத்தில் கொம்பனிக் கொட்டிலில் இருக்கிறார்.

அவரிடம் போய்க் கேட்கமாட்டேன். பாடு போனாலும் கேட்கமாட்டேன். என்னைக் கேட்காமல் ஒப்பம் வைத்த மனுசனிடம் எனக்காகச் சாட்சி சொல்லுங்கள் என்று நான் நிற்பதா?

அன்பு அக்கா,
மக்டலின்


மலைநாட்டு மடம்,
09.02.2024

அன்பான அக்காவுக்கு,

நலம். திருநீற்றுப் புதனோடு தவக்காலம் தொடங்குகிறது; உயிர்ப்பு ஞாயிறு வரை என்னிடமிருந்து கடிதம் வராது. எனவே ஒரே வரி.

கேளுங்கள் அக்கா.

றெஜினா


குருநகர்,
25.02.2024

அன்புள்ள தங்கச்சிக்கு,

தபசு நாளில் நீ வாசிக்கமாட்டாய் என்று தெரிந்தே எழுதுகிறேன். இதை எழுதாமல் எனக்கு நித்திரை வராது.

நான் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை விடிய வந்தார்கள். நானும் நிரோஜினியும் கூட்டைத் தூக்கிக்கொண்டிருந்தோம். கந்தோர்க்காரர் தமிழ் கதைக்கிற ஆள், மரியாதையான மனிதர். மனேச்சர் முந்திக்கொண்டார். இந்தத் தடியெல்லாம் நேற்று முந்தநாள் காட்சிக்காக நட்டது, போன வருடமே இந்த இடம் விட்டுப்போனது என்றார். கந்தோர்க்காரர் நீக்கிலாப்பிள்ளையண்ணையைப் பார்த்தார். பெண்கள் கடலுக்கு வந்துபோவதைத் தன் கண்ணால் கண்டதில்லை என்று அவர் கோட்டையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அப்போது மனேச்சரே கையைக் காட்டிச் சொன்னார், எங்கள் காவல்காரரைக் கேளுங்கள், இரவு பகல் இங்கேதான் இருக்கிறார் என்று. அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

உன் அத்தான் கொட்டில் ஏணியால் இறங்கினார். அந்த முழங்காலோடு இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்தார். வந்து தலைத்தடியில் கையை வைத்துக்கொண்டு நின்றார். அப்போதும் என்னைப் பார்க்கவில்லை.

“ஐயா, கைவிட்டது நான். ஒப்பம் என்ரை. இவ ஒரு விடியலும் விடேல்லை. நான் மேலை இருந்து பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்” என்றார். “மழையிலை விழுந்த இந்தத் தடியை எழுப்பிக் கட்டினதும் நான்தான். முடிச்சைப் பாருங்கோ, பழசா புதுசா எண்டு தெரியும்.”

மனேச்சருக்கு முகம் கறுத்துவிட்டது. யாருடைய சம்பளம் வாங்குகிறாய் என்று கேட்டார்.

“சம்பளம் உங்கடை அட்டையைக் காக்கத்தான். பொய் சொல்லுறதுக்கு இல்லை.”

கந்தோர்க்காரர் கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். தடியில் ஒட்டியிருந்த சிப்பியையும் பாசியையும் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு சங்கத் தலைவரிடம் திரும்பி, உங்கள் வழக்கம் என்ன சொல்கிறது, வலையை ஆண்தான் தூக்க வேண்டும் என்றா என்று கேட்டார். நீக்கிலாப்பிள்ளையண்ணை நெடுநேரம் தாடையைத் தடவினார். அந்த மனிதர் பிடிவாதக்காரர், ஆனால் பொய்க்காரர் இல்லை.

“வலை தூக்கிற வீடு எண்டுதான் பெரியாக்கள் சொன்னவை” என்றார். “ஆம்பிளை எண்டு நாங்களாத்தான் நினைச்சுக்கொண்டிருந்தம்.”

முடிவு பிறகு வரும் என்று சொல்லிப் போனார்கள். போகும்போதே மனேச்சர் உன் அத்தானை வேலையால் நிற்பாட்டிவிட்டார். அவர் கொட்டிலுக்கு ஏறித் தன் போர்வையையும் பிளாஸ்கையும் எடுத்துக்கொண்டு வந்து தண்ணீருக்குள் நின்றார். வள்ளத்தில் ஏற்று என்று கேட்கவில்லை. கரை மட்டும் நடக்கப் போகிறார் என்று நினைத்தேன். அந்த முழங்காலோடு.

“ஏறுங்கோ” என்றேன். அன்று நாங்கள் கதைத்தது அவ்வளவுதான்.

மன்னித்துவிட்டேன் என்று நீ நினைக்காதே. ஒப்பம் ஒப்பம்தான். ஆனால் அவர் அந்தத் தடியில் கை வைத்தபோது என் நெஞ்சு என்ன பாடுபட்டது என்று உனக்கு மட்டும் சொல்கிறேன். மதர் அந்த வரியை வாசிக்காமல் விடட்டும்.

மக்டலின்


மலைநாட்டு மடம்,
01.04.2024

அன்பான அக்காவுக்கும் அத்தானுக்கும்,

அல்லேலூயா. உயிர்த்த ஆண்டவரின் சமாதானம் உங்கள் வீட்டில் தங்குவதாக.

மதர் அந்த வரியை வாசிக்கவில்லை. வாசிக்கவில்லை என்று என்னிடம் மூன்றுமுறை சொன்னார். மூக்குறிஞ்சிக்கொண்டு சொன்னார்.

நீங்கள் கேட்கவில்லை, சரி. அவர் கேட்காமலே வந்தார். நீங்கள் இருவரும் ஒருவரையொருவர் எதையும் கேட்காமலே வாழ்ந்து முடிப்பீர்களோ என்று எனக்குக் கவலையாக இருக்கிறது. இனியாவது கேட்டுப் பழகுங்கள்.

முடிவு வந்ததா? உடனே எழுதுங்கள். சாப்பாடு இறங்கவில்லை.

றெஜினா


குருநகர்,
17.04.2024

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை அவரும் வாசித்தார். அத்தானுக்கும் என்று போட்டிருந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் இருவரும் சுகம். நீ சாப்பிடு.

முடிவு வந்துவிட்டது. பாதி முடிவுதான். விசாரணை இன்னும் நடக்குமாம். மறு அறிவித்தல் வரை தற்போதைய பாவனையாளர் திருமதி மக்டலின் கிறகோரி தொடர்ந்து பாவிக்கலாம் என்று தமிழில் எழுதியிருக்கிறார்கள். கந்தோர்க் கடிதத்தில் என் பெயர் வந்தது இதுதான் முதல்தடவை. ஒரு எழுத்துப் பிழை இருக்கிறது, பொறுத்துக்கொண்டேன்.

கொம்பனி சும்மா இருக்கவில்லை. எங்கள் பாட்டுக்கு மூன்று பக்கமும் வேலி வந்துவிட்டது. கோட்டைப் பக்கம் மட்டும் திறந்திருக்கிறது. கொட்டிலில் புதுக் காவல்காரர் இருக்கிறார். நிரோஜினி பயந்து, இப்படிச் சுற்றி வளைத்துவிட்டார்களே அக்கா என்றாள். நல்லதாய்ப் போயிற்று, இனித்தான் றெஜினாவின் சொல்லுக்கு வேலை என்றேன். மறு அறிவித்தல் வருகிற நாளில் வரட்டும். வருகிறவன் என்னிடம்தான் கேட்க வேண்டும், வைத்திருக்க ஏலுமா ஏலாதா என்று. ஏலும் என்பேன். என் மகளும் ஏலும் என்பாள். லவீனா மன்னாரிலிருந்து வந்து ஒருநாள் வலை தூக்கிப் பழகிவிட்டுப் போயிருக்கிறாள்.

நேற்று, சோளகக் காற்று தொடங்கமுன் பழைய தடிகளை மாற்றப் போனோம். தலைத்தடியும் உளுத்துப்போயிருந்தது. அவர் புதுத் தடியைச் சீவி வைத்திருந்தார். நிரோஜினிக்குக் காய்ச்சல் என்பதால் அவர்தான் கூட வந்தார். பழையதைப் பிடுங்கியதும், கையில் புதுத் தடியோடு என்னைப் பார்த்தார். முப்பது வருடமாகக் கேட்காத மனுசன் கேட்டார்:

“நான் நடட்டோ?”

அந்தத் தடியை அவர் கையிலிருந்து வாங்கினேன்.

“இல்லை, நான் நடுறன். நீங்கள் வள்ளத்தைப் பிடியுங்கோ.”

நீரோட்டம் நல்ல இழுவையாக இருந்தது. தடி சேற்றில் இறங்கி அசையாமல் நிற்குமட்டும் அவர் பிடித்துக்கொண்டு நின்றார்.

அன்பு அக்கா,
மக்டலின்